நகரப் பறவைகளும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்

திருக்கோணமலையிற் பிறந்து வளர்ந்த எவருக்கும் காகம் புதிய பறவையன்று. விடியற்காலையில் வள்ளங்கள் கரையேறும்போது மீன்குடலுக்காகக் காத்திருப்பதும் அதுவே. பகலிற் சந்தையின் கழிவுக் குவியலைக் கிளறுவதும் அதுவே. நண்பகலில் நம் வீட்டு மதிலில் வந்தமர்ந்து ஒரு பிடி சோற்றை எதிர்பார்ப்பதும் அதுவே. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதமிருப்போர் காகத்துக்கு அன்னமிட்ட பின்னரே தாம் உண்பர். பிதிர்களை நினைந்து சோறு வைக்கும் நாளிலோ, காகம் வந்து வாய்வைக்கும் வரையில் வீட்டார் மனம் அமைதியுறுவதில்லை. இவ்வாறு நம்மோடு நெருங்கி வாழும் இப்பறவையின் குடலினுள்ளே, இக்காலத்து வைத்திய உலகைப் பெரிதும் கவலைக்குள்ளாக்கிய ஒன்று, நமக்கு அண்மையிலுள்ள ஒரு நாட்டிலே கண்டறியப்பட்டிருக்கின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

அஃது யாதெனில், மருந்துக்கு அடங்காத பற்றீரியா என்னும் நுண்கிருமியாகும். இம்மலரைக் கையிலெடுப்போருள் வைத்தியர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் உளர். அவர்கள் இதனை நன்கறிவர். ஏனைய பழைய மாணவரும், இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளைஞரும் இப்பொருளின் தன்மையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏனெனில், கிருமியைப் பற்றிய இக்கதை முடிவில் நமது குப்பையைப் பற்றியதும், நமது மருந்துப் பெட்டியைப் பற்றியதுமாகவே அமைகின்றது.

குடலில் வாழும் கிருமி

மனிதர், மாடு, கோழி, காகம் ஆகிய அனைத்தின் குடலிலும் எண்ணற்ற பற்றீரியாக்கள் வாழ்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. சில நன்மையும் செய்கின்றன. இவற்றுள் ஒன்று எசரிக்கியா கோலை என்பது. 1885ஆம் ஆண்டில் அதனை விவரித்த தியோடர் எசரிக் என்னும் ஜேர்மனிய வைத்தியரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. குடலில் இருக்கும் வரையில் இக்கிருமி பெரும்பாலும் சாதுவானது. ஆயின், சிறுநீர்ப்பாதையிலோ இரத்தத்திலோ புகுந்துவிட்டால் நோயை விளைவிக்கும். சிறுநீர்ப்பாதை அழற்சிக்கு உலகெங்கும் தலையாய காரணம் இதுவே. முதியோருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் இரத்தத்தில் இது பரவுமாயின் உயிருக்கே ஆபத்து நேரும்.

இத்தகைய நோய்களை வெல்வதற்கு நம் கையிலுள்ள ஆயுதங்களே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். 1928ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பேரளவில் உற்பத்தி செய்யப்பட்டது. அதன்பின் ஸ்திரெப்டோமைசின், தெற்றாசைக்கிளின் எனப் புதுப்புது மருந்துகள் தோன்றின. நமது பாட்டன்மார் காலத்திற் சாதாரணக் காயமொன்று சீழ்பிடித்து உயிரைக் குடித்ததுண்டு. அந்த அச்சம் ஒரு தலைமுறைக்குள் நீங்கிற்று. ஆயினும், இவ்வெற்றியின் நடுவிலேயே எச்சரிக்கையும் எழுந்தது. 1945ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் பிளெமிங் அவர்களே, போதாத அளவில் மருந்தை உட்கொள்வோர் தம் உடலிலுள்ள கிருமிகளுக்கு அம்மருந்தைத் தாங்கும் வல்லமையைப் பழக்கிவிடக்கூடும் என்று எடுத்துரைத்தார்.

எதிர்ப்பு எழும் விதம்

கிருமி எவ்வாறு மருந்தை எதிர்க்கக் கற்கின்றது? உண்மையில் அது கற்பதில்லை. நமது கடற்றொழிலாளர் அறிந்த ஓர் உவமையால் இதனை விளக்கலாம். கடலில் வலை வீசுகின்றோம். வலைக்கண்ணிலும் பெரிய மீன் அகப்படுகின்றது. சிறிய மீன் நழுவுகின்றது. அதே வலையை அதே களப்பில் நாடோறும் இடைவிடாது வீசினால், எஞ்சியிருப்பவை நழுவ வல்ல மீன்களாகவே இருக்கும். நாளடைவில் அவற்றின் சந்ததியே களப்பை நிரப்பும். மருந்தும் இத்தகைய வலையே. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோவொன்று, தற்செயலாய் நேர்ந்த மாற்றத்தால், மருந்துக்குத் தப்பும் இயல்பைப் பெற்றிருக்கும். ஏனையவை மடிய, அஃதொன்றே பெருகும். வாய்ப்பான சூழலில் எசரிக்கியா கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிய வல்லது. அவ்வாறே பிரிந்துகொண்டு செல்லுமாயின் ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 இலட்சத்துக்கும் மேலாகும்.

தப்பும் வழிகளும் பலவாம். சில கிருமிகள் மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கின்றன. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் 1940ஆம் ஆண்டிலேயே, அம்மருந்து பொதுமக்கள் கைக்கு வருமுன்னரே, விவரிக்கப்பட்டுவிட்டது. வேறு சில கிருமிகள் உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இன்னுஞ் சில, மருந்து தாக்கும் உறுப்பின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. எதிர்க்கும் ஆற்றலுக்குரிய பரம்பரையலகுகள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களில் எழுதப்பட்டுள்ளன. ஒரு கிருமி மற்றொன்றை அணுகி அவ்வளையத்தின் பிரதியொன்றை அதற்குக் கொடுத்துவிடும். பரீட்சைக்கு முந்திய இரவில் ஒரு மாணாக்கன் எழுதிய குறிப்பை விடுதி முழுவதும் பிரதி செய்துகொள்வதைப் போன்றது இது. பெறுகின்ற கிருமி வேற்றினமாய் இருப்பினும் தடையில்லை. 1950களின் பிற்பகுதியில் யப்பானிய ஆராய்ச்சியாளர் இதனை வெளிப்படுத்தினர். வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமியும், குடலில் வாழும் எசரிக்கியா கோலையும், நான்கு வகை மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே வீச்சில் ஒன்றுக்கொன்று கைமாற்றின. ஆதலால், இன்று தீங்கற்றதாய்க் குடலில் இருக்கும் கிருமியும் புறக்கணிக்கத் தக்கதன்று. அது நோய்க்கிருமிக்கு நாளை ஆயுதம் வழங்கும் களஞ்சியமாகலாம்.

பறவைக்கு வந்த வழி

இங்கே ஒரு கேள்வி எழும். காகம் மருந்துக்கடைக்குச் சென்றதில்லை, குளிசை விழுங்கியதுமில்லை. அதன் குடலில் மருந்தை எதிர்க்கும் கிருமி புகுந்தது எவ்வாறு?

இயற்கையில் எதிர்ப்பு அறவே இல்லாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. கனடாவின் வடபகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் எதிர்ப்புக்குரிய பரம்பரையலகுகள் இருந்தமை 2011இல் வெளியிடப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தமக்குள் நடத்தும் பழம்போரின் ஆயுதங்கள் அவை. ஆயின், மனிதர் பயன்படுத்தும் புதிய மருந்துகளையும், பலவகை மருந்துகளை ஒருங்கேயும் எதிர்க்கும் கிருமி காட்டுப் பறவையின் குடலிற் காணப்படுமாயின், அது பெரும்பாலும் நம்மிடமிருந்தே சென்றதாகும்.

அது செல்லும் வழிகள் மூன்று. முதலாவது, குப்பை: வீட்டுக் கழிவும், சந்தைக் கழிவும், முறையாக அகற்றப்படாத வைத்தியசாலைக் கழிவும் பறவையின் உணவாகின்றன. இரண்டாவது, கழிவுநீர்: நாம் உட்கொள்ளும் மருந்தின் ஒரு பகுதி மாற்றமின்றியே நமது மலசலத்தோடு வெளியேறுகின்றது, அதனோடு கிருமிகளும் வெளியேறுகின்றன. வடகீழ்ப் பருவமழையில் வடிகால்கள் பெருகி மலக்குழிகள் நிரம்பி வழியும்போது அந்நீர் எங்கெங்கு தேங்குகின்றது என்பதை நாம் அறிவோம். தேங்கிய நீரைக் காகமும் கொக்கும் குடிக்கின்றன. மூன்றாவது, பண்ணை: கோழியும் கால்நடையும் வளர்ப்போர் நோய்தீர்க்க மட்டுமன்றி, நோய் வராதிருக்கவும், சில நாடுகளில் விரைந்து கொழுக்கவும் இம்மருந்துகளைத் தீவனத்திலும் நீரிலும் கலந்து வந்துள்ளனர். அப்பண்ணைகளின் எருவும் கழிவும் பறவைக்குத் திறந்தே கிடக்கின்றன.

ஆராய்ச்சிகள் கூறுவன

நமது ஊர்க் காகமும் வங்காளதேசத்துக் காகமும் ஒரே இனத்தவை. அந்நாட்டில் வைத்தியசாலைக் கழிவை உண்டு திரிந்த காகங்களைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2015இல் வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட காகங்களுட் பாதிக்கும் மேற்பட்டவற்றின் எச்சத்தில், செபலோஸ்போரின் என்னும் மருந்துக் குடும்பத்தின் புதிய தலைமுறையைச் சிதைக்க வல்ல எசரிக்கியா கோலைக் கிருமி காணப்பட்டது. அவற்றுள் எஸ்.ரி. 131 எனக் குறிக்கப்படும் குலமும் இருந்தது. அது காட்டுப் பறவைக்கே உரிய கிருமியன்று. உலகெங்கும் வைத்தியசாலைகளில் நோயாளரைத் துன்புறுத்தும் பேர்பெற்ற குலம். நோயாளரின் கட்டிலுக்கும் காகத்தின் கிளைக்கும் இடையே குப்பைத்தொட்டி ஒரு பாலமாய் அமைந்தது.

கழிவுநீரின் பங்கை டெல்லி மாநகர் காட்டிற்று. மிகக் கடிய தொற்றுகளுக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம். 1 என்னும் நொதியத்தின் பரம்பரையலகு, அங்கே தெருவோரம் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2இலும் இருந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அத்தகைய நீரைப் பறவைகளும் பருகுகின்றன.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பாலுள்ள ஐந்து தீவுகளில் வாழும் வெள்ளிக் கடற்புறாக்களிடத்தும் கார்பபெனத்தை எதிர்க்கும் கிருமிகள் காணப்பட்டன. இறுதிப் புகலிடமாகக் கருதப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்துக்கான எதிர்ப்பு, பிளாஸ்மிட் வழியாகக் கைமாற வல்லது என்பது 2015இன் இறுதியிற் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அப்பரம்பரையலகு லிதுவேனியாவிலும் ஆர்ஜென்டீனாவின் தென்கோடியிலும் கடற்புறாக்களின் குடலிற் கண்டறியப்பட்டது. மனிதர் அரிதாக வாழும் வடதுருவப் பகுதியும் இதற்கு விலக்கன்று. 2005ஆம் ஆண்டுப் பயணமொன்றில் சைபீரியா, அலாஸ்கா, கிறீன்லாந்து ஆகியவற்றின் வடபகுதிப் பறவைகளிடமிருந்து பெற்ற 97 எசரிக்கியா கோலைகளில் 8 ஏதேனும் ஒரு மருந்தையாவது எதிர்த்தன.

மருந்தே இல்லாத இடத்திற் பறவையின் உடலில் இக்கிருமி விரைவில் அழிந்துவிடும் என நாம் ஆறுதல் கொள்ளலாமா? சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டு வாத்துகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். எந்த மருந்தும் கொடுக்கப்படாதிருந்தும், எதிர்ப்புக் கிருமி ஒரு வாத்திலிருந்து ஏனையவற்றுக்கு விரைந்து பரவிற்று. நெடுநாள் நிலைத்தும் நின்றது.

துறைமுகமும் பறவையும்

துறைமுகவாசிகளாகிய நாம் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மனிதர் எறியும் கழிவை நம்பி வாழும் காகம், மனிதரின் கப்பலை நம்பியே கடலையும் கடந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிப்பதற்கென இலங்கையிலிருந்தே காகங்கள் மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதே காலப்பகுதியிற் சன்சிபார் தீவுக்குக் குப்பையை உண்பதற்கென்றே காகங்கள் வரவழைக்கப்பட்டன. 1990களில் நெதர்லாந்தின் துறைமுகமொன்றிற் கப்பலேறி வந்திறங்கிய இரு காகங்கள் அங்கே குடும்பமும் அமைத்தன.

தம் சிறகாலேயே வருவனவும் உள. மத்திய ஆசியாவின் உயர்நிலத்து ஏரிகளில் முட்டையிடும் கபிலத்தலைக் கடற்புறாக்கள் பனிக்காலத்தில் இலங்கைக் கரைகளை நாடி வருகின்றன. அவை வரும் வழியிலுள்ள நீர்நிலைகளும் நகரங்களும் பல. பறவைக்குக் கடவுச்சீட்டு இல்லை. அதன் குடலிலுள்ள கிருமிக்கும் இல்லை.

நமக்கு மிக அண்மையிலே நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவையும் ஈண்டு நினைத்தல் தகும். 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட அத்தீவு, பாறைகளிற் கூடுகட்டும் காட்டு மாடப்புறாவினாற் பெயர் பெற்றது. உலக நகரங்களின் கூரைகளிலெல்லாம் வாழும் புறா இக்காட்டுப் புறாவின் வழித்தோன்றலே. ஒரே இனம் ஒருபுறம் கடற்பாறையிலும் மறுபுறம் கடைத்தெருவிலும் வாழ்கின்றது. குப்பையை நாடும் பறவைக்கும் நாடாத பறவைக்கும் இடையிலான வேறுபாட்டை அலாஸ்காவில் ஆராய்ந்தனர். குப்பை மேட்டை நாடிய கடற்புறாக்களிடையே எதிர்ப்புக் கிருமி மிகுந்தும், ஒதுக்கமான இடத்தனவற்றில் அருகியும் காணப்பட்டது. அத்தகைய ஒப்பீட்டுக்கு ஏற்ற களம் நமது வாயிலிலேயே இருக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் எவரேனும் ஒரு நாள் இதனை மேற்கொள்வாராயின், அது இவ்வூருக்குச் செய்யும் நற்றொண்டாகும்.

காகம் குற்றவாளியா?

இவ்வளவையுங் கேட்டபின், காகத்தை விரட்டிவிட்டால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பிழையானது என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றோம்.

பறவையிலிருந்து மனிதருக்குக் கிருமி வருதல் இயலாததன்று. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டளவில், வாசற்படியில் வைக்கப்பட்ட பாற்போத்தல்களின் மூடியைக் காக்கையினத்துப் பறவைகள் கொத்தியமையால் அப்பாலைக் குடித்தோருக்குக் கம்பைலோபற்றர் என்னும் கிருமியால் வயிற்றோட்டம் உண்டாயிற்று. ஆயினும், மருந்தை எதிர்க்கும் கிருமிகள் மனிதரிடையே பரவுவதற்குத் தலையாய காரணங்கள் மனிதரின் கைகளும், வைத்தியசாலைகளும், மாசுற்ற நீரும் உணவுமேயாம். அவற்றோடு ஒப்பிடுகையிற் காட்டுப் பறவையின் பங்கு சிறிதென்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பறவை நோயின் ஊற்றன்று; நமது கழிவின் தன்மையை நமக்கே எடுத்துக்காட்டும் சாட்சியாகும்.

கொன்று குவிப்பதாற் காகம் ஒழிவதுமில்லை. சன்சிபார் மக்கள் தாம் வரவழைத்த காகத்தைப் பின்னர் நஞ்சிட்டு அழிக்க முயன்றனர். கென்யா நாடு 2024இற் பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டமொன்றை அறிவித்தது. திறந்த குப்பை உள்ள வரையில் எஞ்சிய காகங்கள் மீண்டும் பெருகும். காகத்தின் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் நாம் எறியும் உணவே.

நாம் செய்ய வேண்டுவன

மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என அறிஞர் கணித்துள்ளனர். இலங்கையும் இதனை உணர்ந்து 2017 முதல் 2022 வரைக்குமான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. ஆயின், திட்டம் எதுவும் வீட்டு வாசலிலேயே தொடங்குதல் வேண்டும்.

தடிமனும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசினால் வருவன. அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன் தராது. வைத்தியரின் சீட்டின்றி அம்மருந்தை வாங்குதலும், அயலவருக்கு மிஞ்சியதை வாங்கி விழுங்குதலும், வைத்தியர் குறித்த அளவையும் நாளையும் நாமே மாற்றுதலும் தவிர்க்கத் தக்கன. நம்மில் எத்தனை வீடுகளில் பாதி தீர்ந்த குளிசை அட்டைகள் அலுமாரியில் உறங்குகின்றன! அவற்றைக் குப்பையிலோ கிணற்றடி வாய்க்காலிலோ எறிதலாகாது. அவற்றை ஒப்படைக்கும் முறையை மருந்தாளரிடம் கேட்டறிதல் நன்று.

உணவுக் கழிவையும் மீன்கழிவையும் மூடிய தொட்டியில் இடுவோம். இயன்றவரை புதைத்து எருவாக்குவோம். கிணற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் மூடி அமைப்போம். மலக்குழி நிரம்பி வழியுமுன் அகற்றுவிப்போம். வைத்தியசாலைக் கழிவும் பண்ணைக் கழிவும் பறவைக்கு எட்டாவண்ணம் அகற்றப்படுகின்றனவா என்று நகரவாசிகள் என்ற முறையிற் கேட்பது நமது உரிமை, கடமையுமாகும்.

காகத்துக்குச் சோறிடும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. சமைத்த புதுச் சோற்றைத் தூய இலையில், கிணற்றுக்கும் சமையலறைக்கும் விலகிய ஓரிடத்தில் வைப்போம். பறவை உண்டபின் இலையை அகற்றி இடத்தைக் கழுவி, சவர்க்காரமிட்டுக் கையையுங் கழுவுவோம். முன்னோர் பெயரால் இடும் அன்னம் தூயதாய் இருத்தல் வேண்டும் என்பது பழைய நெறிதானே. மதிலின்மேல் ஒரு பிடி தூய சோற்றை வைத்துவிட்டு, அதே காகத்துக்கு மதிலின் மறுபுறத்தில் அழுகிய கழிவையும் எறிந்த மருந்தையும் விருந்தாக்குவது அந்நெறிக்குப் பொருந்துமா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக மாணவர்க்கு ஒரு சொல். பறவையின் எச்சத்தைத் தொட்டு ஆராய்தல் பயிற்சி பெற்றோரின் தொழில்; அதனை நீங்கள் செய்ய வேண்டாம். ஆயின், ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தாற் போதும்: கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், சந்தையருகேயும் குப்பை சேரும் இடத்தருகேயும் நமது கல்லூரி வளவிலும் எத்தனை காகங்கள் உள்ளன என்று எண்ணி எழுதுங்கள். ஓராண்டு முடிவில் அவ்வேட்டைப் புரட்டிப் பார்த்தால், இந்நகர் தன் கழிவை எங்கே, எவ்வளவு திறந்து வைத்திருக்கின்றது என்பது தானே விளங்கும். எங்கே காகம் மிகுந்திருக்கின்றதோ, அங்கேதான் நமது வேலையும் மிகுந்திருக்கின்றது.